நகத்துக்கு அடியில்

தையல்காரியின் கால் பெருவிரல் நகம் மஞ்சளாகித் தடித்தபோது, "அழுக்கு சேர்ந்தா இப்படித்தான் அண்ணி, நல்லா தேய்ச்சுக் கழுவுங்க" என்றாள் நாத்தனார்.

தோல் சிவக்கும்வரை தேய்த்தும் அது போகவில்லை. வெட்கத்தில் சிவப்பு நெயில் பாலிஷ் பூசி மறைத்தாள். கண்ணில் படாவிட்டால் காணாமல் போய்விடும் என்று ஒரு நப்பாசை.

மூன்று மாதம் கழித்து, ஒரு மதியம் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தபோது விரலில் ஏதோ கழன்றது. குனிந்து பார்த்தாள். நகம் டப்பா மூடிபோல் தூக்கிக்கொண்டு நின்றது. வலி துளியும் இல்லை. நகத்தை விரலால் மெல்லத் தொட்டாள். அடியிலிருந்து மாவுபோல் ஏதோ உதிர்ந்தது. அவள் உடம்பிலேயே, அவளுக்குத் தெரியாமல், எதுவோ நிதானமாகத் தின்று வளர்ந்திருக்கிறது.

அலறல் கேட்டு ஓடிவந்த நாத்தனார் பேயறைந்தவள்போல் நின்றாள். பிறகு தரையில் உட்கார்ந்து, வீட்டுக்குள்ளும் கழற்றாத தன் காலுறைகளை மெல்ல உருவினாள். பத்து விரல்களிலும் அதே மஞ்சள்.

"நானும் தினம் தேய்க்கிறேன் அண்ணி. ஆறு வருஷமா."

இருவரும் டாக்டரிடம் போனார்கள். நகத்துணுக்குகளைப் பரிசோதனைக்கு அனுப்பி, முடிவு வந்ததும் அவர் சொன்னார்: "இது பூஞ்சை. சுத்தமா இருக்கிறவங்களுக்கும் வரும். தேய்ச்சா போகாது, மூடி வச்சாலும் போகாது. பல மாசம் மாத்திரை சாப்பிடணும்."

வீட்டு வாசலில் நாத்தனார் மெதுவாகக் கேட்டாள்: "அப்ப, இப்பவும் அது தின்னுட்டுதான் இருக்குமா அண்ணி?"

தையல்காரி குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். செருப்பைக் கழற்ற அவளுக்குக் கை வரவில்லை.