படகின் மேல் சிவப்புக் கோடு

ஃபிஜியின் சுவா நகரில் எங்கள் ஆபீசுக்கு ஒரு வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை மரச்சட்டியில் யங்கோனா வேர்ப்பொடியைக் கரைத்தாச்சு என்றால் அப்புறம் ஒருத்தரும் கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது, குடிக்க உட்கார வேண்டியதுதான். அன்றைக்கு மெரெயோனி தொட்டாள். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது.

அவள் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாசம்தான் ஆகியிருந்தது. அவளை வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்று முதலாளி வாங்கா அன்று சாயந்திரம் சொல்வதாக இருந்தார். படகு கம்பெனியின் நேரம் காட்டும் இணையப் பக்கத்துக்கு, நிறம், கோடு என்று அதன் தோற்றத்தைத் தீர்மானிக்கும் ஸ்டைல் எழுதியது முழுக்க அவள்தான். முன்பெல்லாம் ஒவ்வொரு வரியிலும் எது எதற்குள் இருக்கிறது என்று முழு விலாசத்தையும் எழுதி மாரடிப்போம். இவள் பட்டியலுக்குள் படகு, படகுக்குள் ரத்து, ரத்துக்குள் சிவப்புக் கோடு என்று ஒன்றுக்குள் ஒன்றாக எழுதினாள். பழைய போனுக்கு இது புரியாது. அதனால் வெளியிடுவதற்கு முன் கோப்புகளைத் தயார் செய்யும் பில்டு ஓடும்போதே எல்லாம் பிரிந்து தனித்தனி வரியாகிவிட ஏற்பாடும் செய்திருந்தாள். ஆபீசில் இருந்த போனிலெல்லாம் பார்த்தோம், ஜம்மென்று இருந்தது. காலையில்தான் வெளியிட்டோம்.

"ஏய், என்னடி பண்றே? சட்டி காத்துக்கிட்டிருக்கு!" என்று கத்தினேன்.

அவள் போனை ஸ்பீக்கரில் போட்டாள். கண்டாவு தீவிலிருந்து அவள் அப்பா தொமாசி.

"நாளைக்குப் படகு இருக்கேம்மா. கண்ணாஸ்பத்திரிக்கு வரணும்ல, துறைக்குக் கெளம்பிட்டேன்."

"அப்பா, காத்து பலமா இருக்கு, படகு ரத்து! சிவப்புக் கோடு போட்டிருக்கேனே?"

"கோடெல்லாம் ஒண்ணும் காணோம். நீ செஞ்சது பொய் சொல்லுமா? ஊருல எல்லார்கிட்டயும் காட்டினேன். அவங்களும் மூட்டையோட என்கூட நடந்து வர்றாங்க."

அவள் முகத்தில் ஈயாடவில்லை. என் கோபம் போன இடம் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அக்கா, அப்பாது பழைய போன். பிரிக்கிற வேலை நடக்கவே இல்ல."

பில்டு வரிசையைத் திறந்தோம். அடிப்பாவி! பிரிக்கும் வேலையை முதலில் வைத்துவிட்டு, சின்னச் சின்னக் கோப்புகளை ஒன்றாகச் சேர்க்கும் வேலையை அதற்கு அப்புறம் வைத்திருந்தாள். பிரிக்கப் போனபோது எதுவும் இன்னும் சேரவில்லை, உள்ளே ஒன்றுமே இல்லை. பிறகு சேர்ந்த கோப்புகள் பிரியாமல் அப்படியே வெளியே போய்விட்டன. எங்கள் போனெல்லாம் புதுசு, பிரிக்காமலே புரிந்துகொண்டு எங்களை நன்றாக ஏமாற்றிவிட்டன. இரண்டு வரியையும் இடம் மாற்றி, மறுபடி ஓட்டி வெளியிட்டாள்.

வாங்கா வந்து நின்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே, "சார், தப்பு என்னோடது" என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். போச்சு, வேலை போச்சு என்று நினைத்தேன்.

போன் அடித்தது.

"இப்ப கோடு வந்துருச்சும்மா. எல்லாரையும் திருப்பிக் கூட்டிட்டுப் போறேன்."

வாங்கா போனை வாங்கினார். "பெரியவரே, அந்தப் போனை எங்க ஆபீசுக்குச் சோதிச்சுப் பாக்கக் குடுத்துருங்க. உங்க பொண்ணு அடுத்த மாசச் சம்பளத்துல புதுசு வாங்கித் தருவா."

அடுத்த மாசம் என்றதும் மெரெயோனி நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"எனக்கு மட்டும் புதுசு வந்து என்ன பண்ண? ஊரு பூரா இதே போன்தான்" என்றார் தொமாசி. "இதை அடுத்த படகுல அனுப்பறேன். இனிமே எல்லாம் இதுல சரியாத் தெரியுதான்னு பாத்தப்புறம் சட்டியத் தொடுங்க."