தட்டைக் கீழே வைக்கக் கூடாது

பன்னிரண்டாம் வகுப்பில் சிறந்து விளங்கியவர்களைப் பாராட்டும்போது மேடை நீளும். இது எல்லா ஊரிலும் உள்ளதுதான். எங்கள் பள்ளி மேடை காலையிலேயே சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டிவிட்டது. மதியம் பெட்ரோல் பங்க்கைத் தாண்டியது. பங்க்காரர் ஆட்சேபிக்கவில்லை. அவருக்கும் ஒரு நாற்காலி போட்டுப் பொன்னாடை போர்த்தியிருந்தோம்.

மேடை நீளக் காரணம் நான்தான். நடத்துவது வணிகவியல். ஆனால் ஊரில் என் பெயர் வரவேற்புரை வாத்தியார். நான் மைக்கில் "வருக வருக" என்றால் ஒரு விருந்தினர் வந்துவிடுவார். எங்கிருந்து என்று கேட்கக் கூடாது. வந்தவருக்கு ஒரு பொன்னாடை. அதைப் போர்த்தியவருக்கு ஒன்று. அவருக்குப் போர்த்தியவருக்கு ஒன்று. நிறுத்தத்தான் பார்க்கிறேன். வாய் பழகிவிட்டது. வகுப்பில் என் பேச்சுக்கு இவ்வளவு பலன் இருந்ததில்லை.

சிறப்பு விருந்தினர் அரவை மில் சங்கரபாண்டியன். இப்போது அவர் இருந்த இடத்தில் ஒரு பொன்னாடைக் குவியல் இருக்கிறது. அதன் மேல் ஒரு மூக்குக்கண்ணாடி. அவ்வப்போது உள்ளேயிருந்து "கல்வியே செல்வம்" என்று குரல் வரும். கைதட்டுவோம். உள்ளே ஆள் இருக்கிறாரா என்று யாரும் விலக்கிப் பார்த்ததில்லை. அது மரியாதை இல்லை.

பரிசுகள் மூன்று. சாதனை, ஒழுக்கம், சேவை.

சாதனைக்குத் தேர்வானவன் ஜெபராஜ். வாசலில் அவனுக்கு ஃபிளெக்ஸ் வைத்தோம். பார்க்கப் போனவன் அதற்குள்ளேயே போய்விட்டான். கீழ் ஓரத்தில் தீப்பெட்டி அளவில் இருக்கிறான். மீதி இடம் முழுக்கத் தாளாளர், கும்பிட்டபடி.

ஒழுக்கத்துக்குப் பிரவீன். ஆடாமல் அசையாமல் உட்காரச் சொன்னோம். உட்கார்ந்தான். மூன்றாவது வாழ்த்துரையில் நாற்காலி ஆகிவிட்டான். இப்போது அவன்மேல் கவுன்சிலர் உட்கார்ந்திருக்கிறார். கனத்த மனிதர். பிரவீன் இதுவரை ஒரு தடவைகூடக் கிறீச்சிடவில்லை. தேர்வுக் குழுவுக்குப் பெருமை.

சேவைக்குத் தங்கமாரி. பொன்னாடைத் தட்டை ஏந்திக்கொண்டு நிற்கிறாளே, அவள்தான். தட்டுப் பிடிக்க நல்ல பிள்ளையைத்தான் நிறுத்துவது வழக்கம். அந்தத் தட்டில் ஒரு பொன்னாடையை எடுத்தால் அடியில் இன்னொன்று இருக்கும்.

"சார், கை வலிக்கு," என்றாள்.

"கொஞ்சம் பொறும்மா. நன்றியுரை முடிஞ்சதும் போயிரலாம்."

"நன்றியுரை யாரு சார்?"

"அவரு இன்னும் பொறக்கல."

முன்வரிசையைக் காட்டினேன். அவருடைய அம்மா அங்கே வயிற்றில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தார். அவசரப்படுகிற மாதிரி தெரியவில்லை.

"நாளைக்குக் காலைல மதுரைல நர்சிங் காலேஜ்ல சேரணும் சார். நாலு மணி பஸ்ஸ விட்டா வேற பஸ் இல்ல. சீட்டு போயிரும்."

தலைமையாசிரியர் குருநாதனிடம் போனேன்.

"சார், அந்தப் பிள்ளைக்குப் பரிசக் குடுத்து அனுப்பிருவோமா?"

"குடுங்க. யாரு வேண்டாம்னா?"

"தட்டு கையில இருக்கு."

"தட்டக் கீழ வச்சா அது சேவையாய்யா?"

"வைக்காட்டி பரிச எப்படி வாங்குவா?"

"அது அவ திறமை."

"பரிசு வாங்காமப் போகட்டுமே சார்."

"பரிசு வாங்காதவங்க மேடையவிட்டு இறங்கக் கூடாது. விதி."

அந்த விதியை இயற்றிய குழுவில் நானும் இருந்தேன். இயற்றும்போது தெளிவாகத்தான் இருந்தது. உளுந்தவடை கொடுத்திருந்தார்கள்.

அப்போது மேடை வரிசையில் ஒரு விருந்தினர் எழுந்தார். வந்தே சற்று நேரம்தான் ஆகியிருந்தது. தலைமையாசிரியர் மைக்குக்குப் பாய்ந்தார். "பல்வேறு பணிகளுக்கிடையே வருகை தந்த ஐயா அவர்கள், வேறொரு முக்கிய நிகழ்ச்சி இருப்பதால் இடையில் விடைபெறுகிறார்கள்." எல்லோரும் எழுந்தோம். அவர் நினைவுப் பரிசை இடுக்கிக்கொண்டு படியில் இறங்கிப் போனார். விருந்தினர்களுக்கு விதி கிடையாது. இத்தனை வருடம் பார்த்த காட்சிதான். இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

மைக்கைப் பிடித்தேன்.

"அடுத்ததாக, நமது அழைப்பை ஏற்று வருகை தந்திருக்கும் மாண்புமிகு விருந்தினர், செல்வி தங்கமாரி அவர்களை வருக வருக என வரவேற்கிறேன்."

தங்கமாரி திரும்பிப் பார்த்தாள், யாரோ பின்னால் வருகிற மாதிரி.

"தட்டக் குடும்மா," என்று வாங்கிக்கொண்டேன். துணிக்கு இவ்வளவு எடை உண்டு என்று எனக்குத் தெரியாது.

மேடை ஒரு நாற்காலி அளவு நீண்டது. தலைமையாசிரியர் ஓடி வந்தார். என் தட்டிலிருந்து பொன்னாடையை எடுத்து அவளுக்குப் போர்த்தினார். குனிந்து கும்பிட்டார். சுவர்க்கடிகாரம் ஒன்று நினைவுப் பரிசாகக் கொடுத்தார். கேமராவைப் பார்த்துச் சிரித்தார். பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தார்.

"உங்கள மாதிரி ஆளுங்க எங்க பள்ளிக்கூடத்துல படிக்கலியேன்னு ஒரு வருத்தம்மா."

"இங்கதான் சார் படிச்சேன்."

"அப்படியா. எந்த வருஷம்?"

"இந்த வருஷம்."

"ரொம்ப சந்தோஷம். ஜூஸ் எடுத்துக்கிடுங்க."

"வேண்டாம் சார். எனக்கு வேற ஒரு முக்கிய நிகழ்ச்சி இருக்கு."

எல்லோரும் எழுந்தார்கள். கவுன்சிலர்கூட எழுந்தார். குவியலின் உள்ளேயிருந்து "கல்வியே செல்வம்" என்றது. தங்கமாரி மேடையோரமாக நடந்தாள். சைக்கிள் ஸ்டாண்டு, பெட்ரோல் பங்க்கு எல்லாம் தாண்டி, நேராக பஸ்ஸின் படியில் கால் வைத்தாள். ஏறும்போது திரும்பி, கடிகாரம் இல்லாத கையை ஒரு தரம் உதறிக் காட்டினாள். வலிக்கு உதறினாளோ, டாட்டா காட்டினாளோ. எனக்குப் பதிலுக்குக் காட்டக் கை இல்லை.

பஸ் போய்விட்டது. விழா தொடர்ந்தது.

"அடுத்து, சேவைக்கான பரிசு," என்றார் தலைமையாசிரியர். யாரும் வரவில்லை. மைக்கைப் பொத்திக்கொண்டு என்னிடம் கேட்டார். "எங்கய்யா அந்தப் பொண்ணு?"

"காணோம் சார்."

"பாத்தீரா. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சேவை மனப்பான்மையே கிடையாது. தட்ட நேராப் பிடியும்."

நேராகப் பிடித்தேன். மைக் எனக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. முன்வரிசையில் அந்த அம்மா இரண்டாவது ஜூஸ் கேட்டார்.

"பிரவீன்," என்றேன், உதடு அசையாமல். "கேக்குதாடா?"

கவுன்சிலர் மறுபடி உட்கார்ந்தார்.

நாற்காலி கிறீச்சிட்டது.