நோய்க்குப் பெயர் எங்கே, டாக்டரம்மா?

நைகாகாவின் இடது கை ஆஸ்பத்திரிக் கட்டில் கம்பியோடு விலங்கிடப்பட்டிருந்தது. பக்கத்தில் சார்ஜென்ட் ஓஜியாம்போ வறுத்த கடலையைக் கொறித்துக்கொண்டிருந்தார். உகாண்டாவில் உயிரை விட முயல்வது குற்றம். மனநோய் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் சார்ஜென்ட் எழுந்து போய்விடுவார். இல்லாவிட்டால் காலையில் கோர்ட்.

"எழுதிடாதீங்க டாக்டரம்மா," என்றாள் நைகாகா. "என் புருஷன் செத்ததும் கொழுந்தன் கிருண்டா வீட்டைப் பிடுங்கிட்டுத் துரத்திட்டான். இப்ப என் பொண்ணையும் கேக்குறான். பைத்தியம்னு ஒரு பேப்பர் கிடைச்சா அவனுக்குப் போதும்."

டாக்டர் நாமுலோண்டோ வராந்தாவுக்கு வந்தாள். பெரிய டாக்டர் முகோயா பொறுமையில்லாமல் நின்றிருந்தார்.

"மனச்சோர்வுன்னு எழுதிட்டு வாம்மா."

"அவளுக்கு அது இல்ல சார். தூங்குறா, சாப்பிடுறா. போன வாரம் வரைக்கும் பள்ளிக்கூடத்துல கணக்கு எடுத்திருக்கா."

"இதுக்குத்தான் மாநாட்டுக்கு மாநாடு கத்துறேன். சாகணும்னு தோணுறதையே நோய்ப் பட்டியல்ல தனி நோயா சேர்க்கணும். வேற நோய் இருந்தாத்தான் கவனிப்போம்னா இவளை மாதிரி ஆளுங்களை விட்டுடுவோம்."

"சேர்த்தா மாத்திரை கொடுத்து அனுப்பிடுவோம். கிருண்டா எந்த நோயோட அறிகுறி சார்?"

முகோயா சிரிக்கவில்லை. "ஜெயிலுக்குப் போனா மறுபடி முயற்சி பண்ணுவா. அப்ப யாரைக் கேப்ப?"

அது நாமுலோண்டோவைச் சுருக்கென்று தைத்தது. உள்ளே வந்து பேனாவை எடுத்தாள். 'சாகும் எண்ணம். ஆபத்து இன்னும் நீங்கவில்லை. இங்கேயே சிகிச்சை தேவை. மகளை வளர்க்கும் தெளிவு உண்டு.'

"அட, என் நோயையே எழுதிட்டியே!" என்றார் பின்னால் நின்ற முகோயா.

"நோய்னு எழுதலையே சார். வலியைத்தான் எழுதியிருக்கேன்."

சார்ஜென்ட் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நோய்க்குப் பேரு எங்க? இன்ஸ்பெக்டர் என் தோலை உரிச்சிடுவாரு."

"போன மாசம் நெஞ்சுவலின்னு இங்க வந்தீங்களே. லீவுக்கு என்ன எழுதிக் கொடுத்தோம்?"

"நெஞ்சுவலின்னு."

"நோய்க்குப் பேரு கேட்டாரா இன்ஸ்பெக்டர்?"

கொறிப்பது நின்றது. "அதுல காரணமாவது இருந்துச்சு, டாக்டரம்மா. ஓயாத டூட்டின்னு."

"அதானே விட்டுப்போச்சு!" நாமுலோண்டோ கட்டில் பக்கம் திரும்பினாள். "நீங்களே சொல்லுங்க."

நைகாகா தடுமாறாமல் சொன்னாள். டாக்டர் அதை அப்படியே எழுதிக் கையெழுத்திட்டாள்.

அப்போது வார்டு வாசலில் ஒரு குரல். "சார்! அண்ணிக்குப் பைத்தியம்தானே? பேப்பரைக் கொடுங்க, போறேன்."

சார்ஜென்ட் கடைசி வரியை இன்னொரு முறை படித்தார். சாவியைப் போட்டார். நைகாகாவின் கை விடுபட்டது. விலங்கைக் கையில் பிடித்தபடியே அவர் வாசலைப் பார்த்தார்.

"கிருண்டா நீதானா? உள்ள வாப்பா, உக்காரு. கடலை சாப்பிடுறியா?"