ஈரத்தை மறைத்தவர்

மழைக்காகப் பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். பள்ளிப் பேருந்து ஓட்டும் அவளுக்கு வேலையில்லை. மழைக்கோட்டு இருந்த அட்டைப்பெட்டியை எடுக்கலாமென்று மாமனாரின் அறைக்கு இறங்கினாள். பாதி தரைக்குள் புதைந்தாற்போல், வீட்டுக்கு அடியில் இருந்த அறை அது. மாமனார் ரயிலில் கார்டாக இருந்தவர். கடைசிப் பெட்டியில் தனியே போய்ப் பழகியவர் என்பதால், அந்த அறையை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

கட்டிலுக்கடியில் இருந்து இழுத்தபோது பெட்டியின் அடிப்பக்கம் பிய்ந்து கையோடு வந்தது. பாயைத் தூக்கினாள். தரை சொதசொதவென்றிருந்தது. சுவரோரம் வாளி நிறையப் பிழிந்த துண்டுகள். எல்லாரும் எழுவதற்கு முன்பே மனிதர் துடைத்துப் பிழிந்து வைத்திருக்கிறார். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் மேலே வந்து காப்பி குடித்துவிட்டுப் போயிருக்கிறார்.

குடையை மடக்கியபடி அவரே வந்து நின்றார்.

"எப்பலேர்ந்து மாமா?"

"மழை ஆரம்பிச்சதுலேர்ந்து."

"இந்த மழையா, போன மழையா?"

கொஞ்சம் யோசித்து, "போன மழை" என்றார்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா சுவரை இடிப்பீங்க. நான் மேல வரணும். மேல எங்கம்மா இடம்?"

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவர் சொன்னதும் நிஜம்தான். மேலே இருந்ததே இரண்டு அறை. ஒன்றில் பிள்ளைகள் இருவரும் அடித்துக்கொண்டு கிடந்தார்கள்.

அவர் கூடத்து சோபாவுக்கு வந்தார். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் அவள் கணவன், விடுப்புப் போட்டு உள்சுவரில் சிமென்ட் பூசினான். அடுத்த மழைக்கே அது தோலுரிந்து விழுந்தது. அன்று அவள் குடையோடு வெளியே போய் வீட்டைச் சுற்றி வந்தாள். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் நேராகச் சுவரின் காலடியில் கொட்டிக்கொண்டிருந்தது. மண்ணும் வீட்டைப் பார்த்தே சரிந்திருந்தது. உள்ளே பூசி என்ன பயன்?

மழை ஓய்ந்ததும் மண்வெட்டியை எடுத்தார்கள். சுவரோரம் ஆழமாகத் தோண்டி, வெளிச்சுவரைக் காயவிட்டுத் தார் பூசினார்கள். தண்ணீர் வடிந்தோடத் துளைபோட்ட குழாயை அடியில் பதித்து ஜல்லி கொட்டினார்கள். மாமனார் குழாயின் ஒரு முனையில் வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு, மறுமுனைக்கு ஓடிப்போய்ப் பார்த்தார். பிறகு மண்ணை வெளிப்பக்கம் சரித்து மூடி, கூரைக் குழாயையும் சுவரைவிட்டுத் தள்ளி வைத்தார்கள்.

அதுவரை கூடத்தில் அவர் இருந்ததும் யாருக்கும் லேசாக இல்லை. விடியுமுன் ரேடியோ, ஓயாத இருமல். அவளே பலமுறை பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆனால் தினமும் போர்வையை மடித்து, ஆள் படுத்த சுவடே இல்லாமல் சோபாவைத் தட்டி வைப்பாரே, அதைப் பார்க்கத்தான் அவளுக்குத் தாங்கவில்லை. சொந்தப் பிள்ளை வீட்டில் இப்படி விருந்தாளியாக இருக்க வேண்டுமா?

அறைக்கு வெள்ளையடித்ததும், ஒரு வார்த்தை சொல்லாமல் சாமான்களோடு இறங்கிப் போனார்.

அடுத்து ஒரு பெருமழை அடித்தது. எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது படியேறி வந்தார்.

"ம்மா, ஜன்னல் மூலையில லேசா ஈரம் பூத்திருக்கு. வந்து பாரு."

கணவனின் முகம் தொங்கிப்போனது. இவ்வளவு பாடுபட்டும் இன்னுமா என்று முனகினான். அவளோ பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு எழுந்தாள். ஒழுகுகிற செய்திக்கு யாராவது சந்தோஷப்படுவார்களா? அவள் படிகளில் சிரித்துக்கொண்டே இறங்கினாள்.

உள்ளங்கையளவு ஈரம்தான். ஜன்னல் சட்டத்தின் விளிம்பில் இடைவெளி விட்டிருந்தது.

"காஞ்சதும் அடைச்சுடலாம் மாமா."

அவர் கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்தினார். பிறகு, அவளைப் பார்க்காமலே கேட்டார்.

"இன்னிக்கு மேல படுத்துக்கட்டுமா?"

"போர்வைய எடுத்துக்கிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, ரேடியோவை அவளே தூக்கிக்கொண்டாள்.