கூச்சி மலையும் முதல் வாங்கும்

யாழ்ப்பாணத்தில் பரம்பரைப் பெருமை என்ற நோய் தன்னோடு ஒழிந்துவிட்டது என்பதை, றொபின் நவரட்ணம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் தேவாலய வாலிபர் கூட்டத்தில் அறிவித்தான். எதிர்ப்பு ஒன்றும் வரவில்லை. கேட்டவர்களில் பாதிப்பேர் கைபேசியில் இருந்தார்கள்.

சான்றுக்கு அவன் இழுத்து வந்தது, பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பாடத்துக்குப் படித்த ஒரு குலத்தை. மொண்டெனேகுரோ நாட்டு மலைகளில் வாழும் கூச்சிகள்.

"பேர்தான் கூச்சி. கூச்சம் எண்டது மருந்துக்கும் இல்லை," என்றான். "குலத்திலை பாதிப்பேர் திறெக்காலே எண்ட ஒரு மனிசன்ரை வழி. தலைமைப் பட்டமும் அவையின்ரை வீட்டுக்குத்தான். மற்றப் பாதி பழைய கூச்சிகள். பட்டம் போனால் என்ன, 'நாங்கள்தான் முதல் வந்தனாங்கள்' எண்ட நடப்பு இவைக்கு. ஆடு மேய்க்கிற மலையிலை ஆர் முதல் வந்தால் என்னப்பா, புல்லு ஒண்டுதானே!"

ஜெனிற்றா சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவன் ஒரு முழு மலைக்குலத்தையே காட்டிக்கொடுத்திருந்தான். பருத்தித்துறையிலிருந்து அண்மையில் மானிப்பாய்க்குக் குடிவந்த குடும்பம் அவளுடையது.

"நாளைக்கு அப்பாவும் கோயிலுக்கு வாறார். உம்மைப் பற்றிச் சொல்லிப்போட்டன்," என்றாள்.

அப்பா செபநாயகம் மாஸ்டருக்குப் பிடித்தால் மேற்கொண்டு கதைக்கலாம். பிடிக்காவிட்டால் கதைக்க ஒன்றுமில்லை. றொபின் வீட்டுக்குப் போய், நாளைக்குப் போடும் சேட்டை இஸ்திரிப்பெட்டியால் இரண்டு முறை அழுத்தினான்.

ஞாயிறு காலை அவனும் தாய் மிரியமும் தேவாலயத்துக்குள் நுழைந்தபோது, வலப்பக்கத்து முதல் வரிசை வாங்குப் பலகையில் மாஸ்டரும் மனைவியும் ஜெனிற்றாவும் இருந்தார்கள். அந்த வாங்கில் எவருடைய பெயரும் எழுதியிருக்கவில்லை. எழுதவேண்டிய தேவை இதுவரை வந்ததுமில்லை. அமெரிக்க மிசன் காலத்திலிருந்து அது நவரட்ணத்தார் வாங்கு.

மிரியம் நடுப்பாதையில் நின்றுவிட்டார்.

"அம்மா, பின்னாலை இருப்பம்."

"நீ போய் இரு. நான் நிக்கிறன்."

"வாங்குதானேயம்மா."

"கொப்பற்றை சவப்பெட்டியை முன்னுக்கு வைச்ச நாளும் நான் உதிலைதான் இருந்தனான். நீ சொல்லுறியோ, நான் சொல்லட்டோ?"

அம்மா சொன்னால் சபை முழுக்கக் கேட்கும். றொபின் குனிந்து, பிரசங்கியாரிடம் கதைப்பதுபோல் பணிவாகச் சொன்னான்:

"அங்கிள், அந்தப் பக்கம் காத்து நல்லா வரும்."

மாஸ்டர் அண்ணாந்து பார்த்தார். மின்விசிறி அவர் தலைக்கு நேர்மேலே சுற்றிக்கொண்டிருந்தது.

"இஞ்சையும் நல்ல காத்துத்தானே, தம்பி."

"ஓம் அங்கிள். எண்டாலும்... இது வந்து..." நேற்றுக் கூட்டத்தில் ஒரு மலையையே கவிழ்த்தவனுக்கு வாங்கொன்றைச் சொல்லச் சொல் வரவில்லை. "முந்தியிலையிருந்தே நாங்கள் இதிலை இருக்கிறனாங்கள்."

"முதல் வந்தனீங்களோ?" என்று ஜெனிற்றா மெல்லக் கேட்டாள். இந்த முறை சிரிக்கவில்லை. தாயின் கையைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள்.

"அதுக்கென்ன தம்பி, உடனை சொல்லியிருக்கலாமே," என்றார் மாஸ்டர். மூவரும் கடைசி வரிசைக்குப் போனார்கள்.

முதற்பாட்டை மிரியம் மற்ற நாட்களை விட உரத்துப் பாடினார். றொபினுக்குத் திரும்பிப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் முதல் வாங்கில் இருப்பவன் திரும்பினால், ஒரு முகத்தை மட்டும் பார்க்க முடியாது. சபை முழுவதையும் பார்க்கவேண்டி வரும்.

வேத வாசிப்புக்கு எல்லாரும் உட்கார்ந்தார்கள். பிந்தி வந்த ஒருவர், அவன் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தைக் கண்டு, செருப்புச் சத்தம் கேட்காமல் முன்னே நடந்து வந்தார்.

றொபின் வேதப் புத்தகத்தில் வைத்த கண்ணை எடுக்காமல், முழங்கால்கள் இரண்டையும் மெல்ல அகட்டினான்.