சந்தனக்காப்பு வெடித்த வெள்ளிக்கிழமை

அம்மனின் இடது கன்னத்தில் வெடிப்பு விழுந்திருப்பதை முதலில் பார்த்தது கோயில் தலைவர் கன்னையாவின் மனைவி தாமரை அக்கா. பார்த்தவர் குருக்களிடம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். "ஐயோ, அம்மா முகத்தப் பாருங்க!" என்று கிள்ளான் டவுன் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார். மண்டபத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் எழுந்து வந்தார்கள். மதியம் பூசிய சந்தனக்காப்பில், கண்ணுக்குக் கீழே தொடங்கிய கோடு தாடை வரைக்கும் இறங்கி, அங்கே மூன்றாகப் பிரிந்திருந்தது. எல்லாரும் ஒருமுறை அம்மனைப் பார்த்தார்கள். அடுத்து என்னைப் பார்த்தார்கள்.

அன்றைய உபயம் என்னுடையது. லோகனும் நானும் எட்டு வருஷம் ஜோடியாக நின்று செய்த உபயம். இந்த வருஷம் விவாகரத்து ஆகிவிட்டது, அதனால் சந்திரகலா என்று என் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்திருந்தேன். ஏழு மணி தீபாராதனை முடிந்ததும் உபயக்காரர் கழுத்தில் அம்மனின் மாலை விழும். அந்த மாலையை நான் தனியாக வாங்கக் கூடாது என்று கன்னையா ஒரு மாசமாக முட்டிப் பார்த்தார், காரணம் கிடைக்கவில்லை. இப்போது கிடைத்துவிட்டது.

"பாத்தியா கலா, நான் அப்பவே சொன்னேன்லா. தம்பதியா நிக்க வேண்டிய எடம் இது. சகுனம் சரியில்ல. மாலைய நானும் தாமரையும் வாங்கிக்கிறோம். நீ பின்னால உக்காந்து கும்பிடு."

"சகுனமும் இல்ல, ஒண்ணும் இல்ல அங்கிள். பூச்சு தடிப்பு, காத்து ஜாஸ்தி. அதான் வெடிச்சிருக்கு."

"அம்மாவ என்ன வீட்டுச் சுவருன்னு நெனச்சியா?"

சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினாலு வருஷமாகப் பக்கத்து ஊர் மேருவில் ஒரு பெயின்ட் தொழிற்சாலை லேபில் இந்த வெடிப்புகளைப் பார்த்துத்தான் சம்பளம் வாங்குகிறேன். பெயின்டோ சந்தனமோ, எல்லாம் தண்ணீரில் மிதக்கிற பொடிதான். தண்ணீர் போகப் போகப் பூச்சு சுருங்கப் பார்க்கும். அடியில் ஒட்டியிருக்கிற கல் அதைச் சுருங்க விடாது. மெல்லிசாகப் பூசினால் தாக்குப்பிடிக்கும். தடிப்பாகப் பூசி அவசரமாகக் காயவைத்தால் பிளந்துகொள்ளும். அம்மனுக்கு அரை விரல் தடிப்புக்கு அப்பச் சொன்னது யார்? போட்டோவில் எடுப்பாகத் தெரியணும் என்று இதே கன்னையா. சந்நிதிக்கு இடப்பக்கம் நிற்கிற அந்த ராட்சச மின்காத்தாடியைக் கொடுத்தது யார்? 'உபயம்: கன்னையா குடும்பத்தார்' என்று அதன் காலிலேயே சிவப்பில் எழுதியிருக்கிறது. வெடித்தது காத்தாடியைப் பார்த்த கன்னம். நான் குருக்களைப் பார்த்தேன். அவருக்குத் தெரியும். ஆனால் அவருடைய வேலை பெர்மிட் கன்னையாவின் கையெழுத்தில் தொங்குகிறது. அவர் விளக்குத் திரியைச் சரிசெய்யப் போய்விட்டார்.

மடப்பள்ளியில் சும்மா கிடந்த அம்மிக்கல்லை இழுத்துக்கொண்டு வந்து காத்தாடிக்கு முன்னால் போட்டேன். மிச்சமிருந்த சந்தனத்தை எடுத்து ஒரு பட்டை மெல்லிசாக, ஒரு பட்டை தடிப்பாகப் பூசினேன்.

"அரை மணி நேரம் பாருங்க. மெல்லிசு வெடிக்காது, தடிப்பு வெடிக்கும். அப்புறம் யாரு மாலை வாங்கறதுன்னு பேசலாம்."

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. தடித்த பட்டையின் நடுவில் மயிரிழை மாதிரி ஒன்று தோன்றி, எல்லாரும் பார்க்கும்போதே குறுக்கே ஓடியது. அதைத் தொட்டு இன்னொன்று. மெல்லிய பட்டை அப்படியே இருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

"பாத்தீங்களா அங்கிள்? கல்லு, சந்தனம், காத்து. அவ்வளவுதான்."

தாமரை அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "எங்களுக்கு என்னம்மா தெரியும்? அவ கை பட்டுச்சு, இதுவும் வெடிச்சிருச்சு. அததான் பாக்குறோம்" என்று மற்ற பெண்களைப் பார்த்துச் சொன்னார்.

தலைகள் ஆடின. என்னோடு ஒரே வகுப்பில் படித்த ரமணியின் தலையும் ஆடியது. அடிப்பாவி, நீயுமா! இங்கே அழுதால் மாலை போய்விடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். சந்தனக் கிண்ணத்தைத் தூக்கித் தாமரை அக்காவிடம் நீட்டினேன்.

"நீங்க பூசுங்கக்கா. சுமங்கலிக் கை. இதே கல்லு, இதே தடிப்பு. நான் கிட்டயே வரல."

அக்கா யோசிக்கவே இல்லை. வளையல் குலுங்க அள்ளி, என்னுடையதைவிடத் தடிப்பாகவே அப்பினார். நான் கொடிமரத்துப் பக்கம் போய்க் கைகட்டி நின்றேன். பெண்கள் பூவை மறந்து அம்மியைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். குருக்கள் திரியை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். பத்து நிமிஷம். பதினைந்து. அக்காவின் சந்தனம் ஓரத்தில் வெளுக்கத் தொடங்கியது.

கன்னையா இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். "ரொம்பக் குளிருது லா இங்க" என்று பொதுவாகச் சொன்னார். வெற்று முதுகில் வேர்வை வழிய நகர்ந்து போய், காத்தாடியின் சுவிட்சில் விரலை வைத்தார்.

"ஓடட்டும் விடுங்க அங்கிள்" என்றாள் ரமணி. அவள் கல்லிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் சுவிட்சிலிருந்து விரலை எடுக்கவில்லை.