வேனுக்கு எடுத்த அளவு

எனக்கு முன்கோபம் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். நான் அதை ஒப்புக்கொண்டதே இல்லை. எனக்குப் பயம் வந்தால் அது வாய் வழியாகச் சத்தமாக வெளியே வரும், அவ்வளவுதான். இந்த உண்மை என் மனைவி ஒருத்திக்குத்தான் தெரியும்.

எட்டு மாதமாக நான் வீட்டில் இருந்தேன். பதினேழு வருடம் லாரி ஓட்டிய கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். ஐம்பத்துநான்கு வயதுக்காரனைக் கூப்பிட்டு வேலை கொடுக்க யாரும் வரிசையில் நிற்கவில்லை. காலையில் அவள் முன்னறையில் தையல் மெஷினில் உட்கார்ந்துவிடுவாள். நான் பேப்பரை இரண்டு முறை படிப்பேன். பிறகு சமையலறைக் குழாயை இறுக்குவேன், போன வாரம் இறுக்கிய அதே குழாயை. ஆம்பளை வெட்டியாக வீட்டில் இருப்பதைப் போல ஒரு கொடுமை கிடையாது, அந்தக் குழாய்க்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அப்போதுதான் அவசரச் சரக்கு அனுப்பும் ஆபீஸிலிருந்து ஒரு வாய்ப்பு வந்தது. அங்கே இருக்கும் மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் 'உடனே'. அந்த வார்த்தை இல்லாமல் அவருக்கு ஒரு வாக்கியம் முடியாது. ஒரு தொழிற்சாலையின் மெஷினில் ஓடும் இரும்பு உருளை அடிக்கடி தேய்ந்துபோகும். அதைக் கழற்றி மரப்பெட்டியில் வைத்து, மூன்று மணி நேரத் தூரத்தில் இருக்கும் பட்டறையில் சேர்க்க வேண்டும். ஒரு நிமிடம் பிந்தினாலும் அங்கே எல்லோரும் குதிப்பார்கள். வாரத்துக்கு மூன்று நடை, நிரந்தர வேலை.

"வெள்ளிக்கிழமை காலைல பத்து மணிக்குச் சொந்த வேனோட வாங்க" என்றார் 'உடனே'. "பெட்டி தரையில பதிஞ்சு உக்காரணும். சாய்க்கக் கூடாது, முட்டுக் குடுத்துத் தூக்கி வைக்கவும் கூடாது. உள்ள போச்சுன்னா வேலை உங்களுது. போகலன்னா அடுத்த ஆளை உடனே கூப்பிட்டுடுவேன்."

தொழிற்சாலையில் வைத்து அவர் இதைச் சொன்ன அன்று அவளும் கூட வந்திருந்தாள். கழுத்தில் இஞ்ச் டேப் தொங்காமல் அவளை நான் தூக்கத்தில்தான் பார்த்திருக்கிறேன். அங்கேயே பெட்டியைக் குனிந்து அளந்தாள். நீளம் எழுபது, அகலம் ஐம்பத்திரண்டு. பழைய பில் ஒன்றின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள்.

வேன் பார்க்கக் கிளம்பிய அன்று அவளுக்கு யூனிஃபார்ம் தைத்துக் கொடுக்கும் அவசரம், வர முடியவில்லை. டேப்பை நான்காக மடித்து என் சட்டைப் பாக்கெட்டில் அவளே வைத்தாள்.

"பின்சக்கரத்துக்கு மேல உள்ளுக்குள்ள ரெண்டு பக்கமும் மேடு வரும்ல, அதுக்கு நடுவுல எவ்வளவு இருக்குன்னு அளந்து பாருங்க. இதுலயே அளங்க, சரியா?"

"எனக்குத் தெரியாதா? பதினேழு வருஷம் வண்டி ஓட்டினவன்கிட்ட..."

"தெரியும். இருந்தாலும் இதுலயே அளங்க."

பழைய வண்டி விற்கும் இடத்தில் இருந்தவருக்கு எல்லோரும் வைத்திருந்த பெயர் 'கேரண்டி'. எதைக் கேட்டாலும் கேரண்டி என்பார், எழுதிக் கேட்டால் மட்டும் பேனா இருக்காது. என் வேலைக்கு ஆகிற மாதிரி இரண்டு வேன் வைத்திருந்தார். ஒன்று நீலம், ஒன்று வெள்ளை. நீல வேன் உள்ளே தாராளமாக இருந்தது. ஆனால் எஞ்சின் மூன்று முறை இருமித்தான் எழுந்தது, பக்கத்துக் கதவை உதைத்தால்தான் மூடியது. வெள்ளை வேன் சாவியைத் தொட்டதும் எழுந்தது. நான் அடியில் மல்லாந்து படுத்துத் துரு இருக்கிறதா என்று பார்த்தேன். ஆயில் குச்சியை மோந்து பார்த்தேன். டயரில் நகத்தை விட்டுப் பார்த்தேன். எல்லாம் சுத்தம். அவசரச் சரக்குக்காரனுக்கு நடுவழியில் நிற்கும் வண்டியைப் போலச் சனியன் வேறில்லை. மனசு வெள்ளைப் பக்கமே போனது. ஒரே கவலை, உள்ளே அந்த இரண்டு மேட்டுக்கும் நடுவில் இடம் குறுகலாகத் தெரிந்தது.

பாக்கெட்டில் கையை விட்டேன். பக்கத்து லாரியின் நிழலில் நான்கு டிரைவர்கள் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த டேப் மஞ்சளடித்துப்போனது, ஓரத்தில் சாக்பீஸ் கறை, முனைத் தகட்டில் அவள் பல் பதிந்த தடம். வேன் வாங்க வந்த ஆம்பளை, தையல்காரி டேப்பை உருவினால் என்ன நினைப்பார்கள்? மானம் போகும் என்று தோன்றியது. கை பாக்கெட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது.

அதற்குள் கேரண்டி இடுப்பிலிருந்து ஸ்டீல் டேப்பை எடுத்துச் சரக்கென்று இழுத்துவிட்டார். "ஐம்பத்திரண்டரை! உங்க பெட்டி எவ்வளவு?"

"ஐம்பத்திரண்டு."

"அப்புறம் என்னங்க? இஞ்சுக்கு எட்டு நூல், உங்களுக்கு நாலு நூல் சும்மா கெடக்குது. கேரண்டி."

வெள்ளையையே முடித்தேன். சந்தோஷத்தில் கேரண்டி அந்த ஸ்டீல் டேப்பையும் எனக்கே கொடுத்துவிட்டார். வீட்டுக்குப் போகும் வழியில் நான் ஒரு காரியம் செய்தேன், சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அவள் மடித்த டேப்பைப் பிரித்துக் கசக்கி, அளந்த மாதிரி ஆக்கி, பாக்கெட்டில் திணித்துக்கொண்டேன். "அளந்தாச்சு, ஐம்பத்திரண்டரை" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணி. வாசலில் வெள்ளை வேன் நிற்கிறது, நான் சட்டையை மாட்டிக்கொண்டிருக்கிறேன். அவள் துணி வெட்டும் மேசையில் அந்த ஸ்டீல் டேப்பை நீட்டிவிட்டு, சும்மா விளையாட்டாகத் தன் டேப்பைப் பக்கத்தில் போட்டுப் பார்த்தாள்.

"ஏங்க."

அந்தக் குரல் சரியில்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். அவள் டேப் அறுபது காட்டிய இடத்தில் ஸ்டீல் டேப் அறுபத்தொன்று காட்டியது. துணி டேப், இருபத்திரண்டு வருடம் இழுத்து இழுத்து நீண்டுபோயிருந்தது. அவள் விரல் மெதுவாக ஐம்பத்திரண்டுக்கு நகர்ந்தது. அதற்கு நேராக ஸ்டீல் டேப்பில் ஐம்பத்துமூன்றுக்கு ஒரு நூல் குறைவு.

வேனில் இருக்கும் இடம் ஐம்பத்திரண்டரை. பெட்டி மூன்று நூல் பெரியது.

"இத்தனை வருஷமா தப்பாவா வெட்டிட்டு இருந்தேன்?" என்றாள். முகத்தில் ஈயாடவில்லை. "எத்தனை பேருக்கு... பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்கெல்லாம்..."

அவள் தப்பாக வெட்டியதே இல்லை. ஆளை அளந்ததும் அதே டேப், துணியை அளந்ததும் அதே டேப். இரண்டும் ஒரே மாதிரி நீண்டதால் எல்லாச் சட்டையும் கச்சிதமாகவே இருந்தது. நான் இருபத்திரண்டு வருடமாகப் போடுவதும் அவள் தைத்த சட்டைதான். அன்றைக்கு வேனையும் அதே டேப்பில் அளந்திருந்தால் ஐம்பத்தொன்றரைச் சொச்சம் காட்டியிருக்கும், பெட்டி போகாது என்று அங்கேயே தெரிந்திருக்கும். தப்பு டேப்பில் இல்லை, டேப்பை வெளியே எடுக்காத என் கையில். இதெல்லாம் எனக்கு அந்த நிமிடமே புரிந்தது. அவளிடம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

சொல்லாமல் கத்தினேன். "இந்த ரிப்பனை நம்பி வேன் வாங்கினேன் பாரு, என்னைச் சொல்லணும்! எட்டு மாசம் கழிச்சு ஒரு வேலை வந்துச்சு, அதுலயும் மண்ணு!"

மற்ற நாளாக இருந்தால் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுத்திருப்பாள். அன்றைக்கு டேப்பைச் சுருட்டி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள். எனக்கு வேலை போகும் பயத்தைவிட அது பெரிய பயமாக இருந்தது.

கேரண்டிக்குப் போன் செய்தேன். "நீல வண்டியா? அது நேத்தே போயிடுச்சுங்க. எடுத்தது எடுத்ததுதான், திருப்ப முடியாது. அதுக்குக் கேரண்டி" என்று வைத்துவிட்டார். மணி எட்டு. படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் என்னைத் தாண்டிப் போய் வேனில் ஏறினாள். வாங்கிய நாளிலிருந்து அவள் அதற்குள் எட்டிப் பார்த்ததுகூட இல்லை. உள்ளே தட்டும் சத்தம் கேட்டது. ஒரு இடத்தில் டங்கென்றது, ஒரு இடத்தில் டொக்கென்றது.

"இங்க வாங்க. இந்த மேடு தகரமா, மரமா?"

போய்த் தடவிப் பார்த்தேன். வெள்ளைப் பெயின்ட் அடித்திருந்ததால் எல்லாம் ஒன்றாகவே தெரிந்தது. நகத்தால் சுரண்டினேன், மரம் தெரிந்தது. தகரத்தில் அடி படாமல் இருக்கப் பழைய சொந்தக்காரர் பலகை அடித்திருக்கிறார்.

"கோட்டு இறுக்குதுன்னு கொண்டு வருவாங்க" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். "மேல்துணியில பிரிக்க இடமே இருக்காது. உள்ள குடுத்த துணிய எடுத்துட்டா கொஞ்சம் இடம் கெடைக்கும். பலகை என்ன கனம் இருக்கும்?"

"ரெண்டு நூல்."

"ரெண்டு பக்கமும் எடுத்தா நாலு. கழட்டுங்க."

பக்கத்துக்கு எட்டு ஸ்குரூ. பெயின்டுக்குள் தலை புதைந்து, துருவேறிக் கிடந்தன. ஒவ்வொன்றையும் தேடிச் சுரண்டித் திருக வேண்டியிருந்தது. பதினைந்து வந்துவிட்டது, கடைசி ஒன்று அசையவில்லை. நான் அதைத் திட்டினேன், அதன் பரம்பரையையே திட்டினேன். அவள் உள்ளே போய்த் தையல் மெஷினுக்கு விடும் எண்ணெயைக் கொண்டுவந்து நான்கு சொட்டு விட்டாள்.

"அஞ்சு நிமிஷம் தொடாதீங்க."

என் ஆயுசில் அவ்வளவு நீளமான ஐந்து நிமிடம் வந்ததில்லை. மணி ஒன்பது பத்து. அவள் வாய்க்குள் முணுமுணுத்தாள்: "அன்னைக்குப் பெட்டியை அளக்கும்போது டேப்பை இழுத்துப் பிடிச்சேனா, தளர விட்டேனா, ஞாபகமே இல்லையே." இதைக் கேட்டதும் எனக்கு உள்ளங்கை வேர்த்து ஸ்குரூடிரைவர் வழுக்கியது. ஸ்குரூ கடைசியில் கிறீச்சென்று வந்தது. ஸ்டீல் டேப்பைப் போட்டோம். ஐம்பத்துமூன்று. பெட்டியைவிட ஒரு நூல் அதிகம், அதுவும் அவள் சரியாகப் பிடித்திருந்தால்.

"நானும் வரேன்" என்று அவள் ஏறி உட்கார்ந்தாள்.

பத்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது தொழிற்சாலைக்குள் நுழைந்தோம். வாசலில் அடுத்த ஆள் காத்திருந்தான். அவன் சாய்ந்து நின்றது அதே நீல வேனில்.

'உடனே' கடிகாரத்தைப் பார்த்தபடி கையை ஆட்டினார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் பெட்டியைத் தூக்கி, பின்கதவு வழியாக மெதுவாக உள்ளே நீட்டினார். பெட்டி மேட்டுக்கு வந்தது. மரம் தகரத்தில் உரசி ஒரு முனகல், அப்படியே நின்றது.

"போகாதுங்க" என்றார் அவர்.

"தள்ளிப் பார்க்க வேண்டாம், உள்ள இருக்கிறது நொறுங்கும்" என்றார் 'உடனே'. அவர் கண் வாசல் பக்கம் போனது. நீல வேன்காரன் நிமிர்ந்து நின்றான்.

நான் கத்த வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. அவள் வேனுக்குள் முட்டி போட்டு, கன்னம் தரையில் படக் குனிந்து, இடுக்கில் ஒரு கண்ணை வைத்தாள்.

"அண்ணே, நேரா இல்ல. வலது பக்கம் தொடவே இல்ல, வெளிச்சம் தெரியுது. பின்னால எடுத்து, ஒரே ஒரு நூல் வலது பக்கம் தள்ளி விடுங்க."

ஃபோர்க்லிஃப்ட்காரர் 'உடனே'யைப் பார்த்தார். 'உடனே' தலையசைத்தார். பெட்டி பின்னால் வந்தது, மயிரிழை நகர்ந்தது, மறுபடி உள்ளே போனது. உரசல் இல்லை. கடைசி வரை போய்த் தரையில் பொத்தென்று உட்கார்ந்தது. அவள் இடுக்கில் ஒரு அட்டையை விட்டுப் பார்த்தாள், இறுக்கிப் பிடித்தது.

"கையெழுத்துப் போடுங்க. ஒண்ணரைக்குப் பட்டறையில இருக்கணும். உடனே கிளம்புங்க."

பெட்டியை பெல்ட்டால் இறுக்கிக் கட்டிவிட்டுக் கிளம்பும்போது மணி பத்தரை. பெரிய சாலைக்கு வந்த பிறகுதான் எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. பக்கத்தில் அவள் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து, விரலில் இறுக்கமாகச் சுற்றினாள். கண்ணாடியை இறக்கினாள். கையை வெளியே நீட்டினாள்.

"போடாத" என்றேன்.

"எதுக்கு வச்சிருக்கணும்? எல்லாருக்கும் பொய் சொன்ன டேப்பு."

"பொய் சொன்னது அது இல்ல. நான்."

சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். நான்கு டிரைவர்கள், பாக்கெட்டுக்குள் நின்ற கை, வழியில் கசக்கியது, காலையில் தெரிந்தும் கத்தியது. அதே டேப்பில் அளந்திருந்தால் எந்தத் தப்பும் வந்திருக்காது என்பதையும், அவள் தைத்த ஒரு சட்டைகூடத் தப்பில்லை என்பதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல வெட்கமாக இருந்தது, அழுகையாகவும் வந்தது.

அவள் கேட்டு முடித்தாள். பிறகு கையை உள்ளே இழுத்தாள், கண்ணாடியை ஏற்றினாள். டேப்பைப் பிரித்து நீவிவிட்டுக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"எத்தனை மணிக்குச் சேரணும்னு சொன்னாரு?"

"ஒண்ணரை."

"அதுவரைக்கும் நான் வாயத் தொறக்க மாட்டேன். நீங்க பதறினா வண்டி பதறும், உள்ள சரக்கு இருக்கு." கைகளைக் கட்டிக்கொண்டாள். "எறக்கி வச்சிட்டு வெறும் வண்டியா வீட்டுக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்?"

"மூணு மணி நேரம்."

"போதும்" என்றாள்.

என் கால் தானாக ஆக்ஸிலரேட்டரிலிருந்து கொஞ்சம் எழும்பியது. அவள் அதைக் கவனித்துவிட்டாள்.

"என்ன மெதுவாப் போறீங்க? அவசரச் சரக்குங்க. மிதிங்க."